மஞ்சள் கோடும் என் கேரவனும்

போன ஈஸ்டர் விடுமுறையில், இங்கே தென்னாப்பிரிக்காவில் வின்டர்டன் ஊரில், பெட்ரோல் போட என் கேரவனோடு கராஜில் நிறுத்தினேன். பின்னாலேயே வந்து நின்ற பக்கியிலிருந்து (பிக்கப் வண்டியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒருவர் இறங்கி, "இந்தப் பெட்டியை வீட்டிலேயே போட்டுவிட்டு வரக்கூடாதா?" என்று என் முகத்துக்கு நேரே சத்தம் போட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டி. எங்கள் டர்பனில் அது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு. எங்களுடையது ஸ்ப்ரைட் என்ற கம்பெனியின் பழைய கேரவன். கணவருக்குக் கண் மங்கிய பிறகு நான்தான் இழுக்கிறேன். 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குச் சாதாரண கார் லைசென்ஸ் போதாது, ஈபி லைசென்ஸ் வேண்டும். 51 வயதில் போய் வாங்கினேன். ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரிய பாடு. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவன் வலப்பக்கம் போகும். கைக்குப் பழக மூன்று மாதம் ஆனது.

சாலையில் எங்களுக்கு நல்ல பெயர் இல்லை. ஆமை வேகம், வழிவிடத் தெரியாதவர்கள், கண்ணாடி பார்க்காதவர்கள் என்கிறார்கள். கடைசிக் குற்றச்சாட்டு சிலர் விஷயத்தில் உண்மை. பின்னால் பதினைந்து வண்டி சேர்ந்தும் அசையாமல் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், கோபமாக வரும். ஆனால் வேகத்தைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

முதல் வருடம், என்-3 நெடுஞ்சாலையில் மூயி ரிவர் சுங்கச்சாவடி தாண்டி இறக்கத்தில் 110-இல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நீண்ட லாரி என்னை முந்தியது. அதன் காற்று முதலில் கேரவனை வெளியே தள்ளியது, அப்புறம் உள்ளே இழுத்தது. கேரவனின் பின்பக்கம் வாலாட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது, காரின் பின் சக்கரங்களே அதோடு சேர்ந்து நகர்ந்தன. பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் கவிழ்ந்திருப்போம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி காத்திருந்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. அந்தச் சில வினாடிகளில் நெஞ்சு வாய்க்கே வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். 25 லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டையும் இறைச்சி சுடும் பிராய் அடுப்பையும் கேரவனின் பின்கோடியில் வைத்திருந்தேன். கனம் அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலும் இருக்க வேண்டும். கொக்கியின் மீது போதிய பாரம் இல்லாவிட்டால் வால் தலையை ஆட்டிவிடும். அன்றிலிருந்து 90-ஐத் தாண்டுவதில்லை. பின்னால் வருபவருக்கும் அதுதான் பாதுகாப்பு. ஒரு கேரவன் குறுக்கே விழுந்தால் முதலில் வந்து மோதுவது அவர்தான்.

சரி, வழிவிடுவது? இந்த நாட்டில் அதற்கு ஒரு அழகான பழக்கம் இருக்கிறது. மெதுவாகப் போகிறவர் சாலை விளிம்பில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரத்தில் ஒதுங்குவார். முந்திப் போனவர் ஹசார்ட் விளக்கை இரண்டு முறை சிமிட்டி நன்றி சொல்வார், இவர் முன்விளக்கைச் சிமிட்டிப் பதில் சொல்வார். ஒரு வார்த்தை கிடையாது, முகம்கூடத் தெரியாது. இதைப் போல எனக்குப் பிடித்த மரியாதை வேறு இல்லை. ஆனால் சட்டப்படி பகலில்தான் ஒதுங்கலாம், ஆளும் வண்டியும் 150 மீட்டர் வரை தெளிவாகத் தெரிய வேண்டும். அன்று வின்டர்டன் சாலையின் ஓரத்தில் பிள்ளைகள் வரிசையாக நடந்து போனார்கள். ஒருத்தி தலையில் விறகு. அந்தப் பக்கிக்காரர் விளக்கடித்தார், ஹாரன் அடித்தார். அவருக்கு என் கேரவனின் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும், பிள்ளைகள் தெரிந்திருக்க மாட்டார்கள். நான் ஒதுங்கவில்லை. இனியும் ஒதுங்கமாட்டேன்.

எங்கள் இந்திய ஆட்களிலேயே சிலர், "கேரவன் வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், உனக்கு எதற்கு?" என்கிறார்கள். அப்படி ஆனது தானாக இல்லை. 1953-இல் வந்த சட்டம் 1990 வரை கடற்கரையையும் பூங்காவையும் கேரவன் பார்க்கையும் நிறத்தால் பிரித்து வைத்திருந்தது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கவே 1980களின் நடுப்பகுதி வரை தடை. 1974-இல் அப்பா எங்களை ஜோஹானஸ்பர்க் கூட்டிப்போனார். வான் ரீனன் கணவாய் ஏறினால் ஃப்ரீ ஸ்டேட். எங்கேயும் தங்க முடியாது என்பதால் இரவெல்லாம் ஓட்டினார். அம்மா கட்டித் தந்த புளிச்சோற்றைச் சாலையோரம் நின்று தின்றோம். ஹாரிஸ்மித் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக நின்ற கேரவன்களை அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவருக்கு இப்போது 84 வயது. டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போகும்போதெல்லாம் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காருகிறார். அவர் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளை எண்ணுவது அவர் வேலை. "மூணு சேர்ந்துடுச்சும்மா, ஓரத்துல ஆள் யாரும் இல்ல, ஒதுங்கு" என்பார். ஒதுங்குவேன். மூன்றும் போய் மூன்றாவது வண்டி ஹசார்ட் போட்டதும், அவரே கையை நீட்டி என் முன்விளக்கைச் சிமிட்டுவார்.