செவ்வாய்க்கிழமை இரண்டு முறை விடிந்தது

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு இடையில் நிற்காமல் பறந்தேன். தூரம் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பூமியில் எந்த இரண்டு இடங்களும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகி இருக்க முடியாது என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய தாவல் என்பது புரியும். சென்னை - சிங்கப்பூர் தூரத்தை ஐந்தால் பெருக்கினாலும் எட்டாது.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. டிக்கெட்டிலோ 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். ஆனால் முக்கியக் காரணம் வேறு. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கு 74 பாகையில். கூட்டினால் 178. அதாவது உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள். ஆகவே மிகக் குறுகிய வழி ஏறக்குறைய வடதுருவத்தின் தலைமேல் போகிறது. இணையத்தில் கிடைக்கும் தூரம் அந்த வழிக்கானது.

விமானம் அப்படிப் போகவில்லை. இருக்கைத் திரையில் பார்த்தால் ஜப்பான் பக்கமாக வடகிழக்கே வளைந்துகொண்டிருந்தது. சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றைப் பிடிக்கத்தான் இந்தச் சுற்று. வட பசிபிக்கின் மேல் தரைவேகம் 1,050-ஐத் தாண்டியது. வழி நீண்டாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். வெறும் கிலோமீட்டரை வைத்துப் பயண நேரம் சொல்லும் கணிப்பான்களை அதன் பிறகு நான் நம்புவதில்லை.

விமானம், இது போன்ற மிக நீண்ட தடங்களுக்கென்றே வாங்கிய ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் ('அல்ட்ரா லாங் ரேஞ்ச்', அதாவது மிக நெடுந்தூர வகை). 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்த எடைக்கு ஈடாகப் பயணிகளைக் குறைத்திருக்கிறார்கள்: 161 இருக்கைகள்தான், எகானமி வகுப்பே கிடையாது. கால் நீட்ட இடம் இருந்தது. பர்ஸுக்குத்தான் மூச்சு முட்டியது.

ஜூன் மாதம் என்பதால் இரண்டு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள் வைத்த கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், காலை மாலை மட்டும் மாறும். குளிர்காலமென்றால் 13 ஆகிவிடும், இந்த வசதி கிடைக்காது.

செவ்வாய் பிறந்து சில நிமிடங்களில் கிளம்பினோம். ஜப்பானை நெருங்கும்போதே விடிந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடிகளுக்கு நடுவே ஊசி ஊசியாகப் பனிப் படிகங்கள், அவற்றில் முதல் வெயில் பட்டு ஆரஞ்சாகத் தெரிந்தது. பிறகு பன்னாட்டுத் தேதிக்கோடு வந்தது. அதைக் கிழக்கே தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னால் போகும். தாண்டியதும் திங்கள் பிற்பகல்! வட அமெரிக்காவின் மேல் திங்கள் சூரியன் மறைந்தது, நான்கைந்து மணி நேரத்துக்கு ஓர் இரவு. நியூயார்க்கில் இறங்குவதற்குள் செவ்வாய் இன்னொரு முறை விடிந்தது. குடிநுழைவு வரிசையில் நின்றபோது உடம்பு மாலைக் காபி கேட்டது, சுவர்க் கடிகாரம் காலை ஏழு என்றது.

திரும்பும்போதும் கிழக்கேதான் பறந்தோம், அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக. அதே காற்று அங்கும் முதுகில் தள்ளியது. போக வர ஒரே திசை என்பதால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியாகிவிட்டது. வீட்டில் இருந்தவர்களைவிட ஒரு சூரிய உதயம் எனக்குக் கூடுதல் கணக்கு.