நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் போகிற பஸ், பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் கடலுக்கு நடுவே ஓட ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர். அதில் இறால் பிடிக்கிறவர்கள் நட்டுவைத்த கம்புகள். வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளைக் கோத்துக்கொண்டு போகிற அந்தச் சாலை இறங்குதுறையில் முடிகிறது. அங்கே இறங்கும் கூட்டத்தில் பெரும்பாதி நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பார்க்கப் போகிறவர்கள். நெடுந்தீவுப் படகில் ஏறுகிறவர்கள் கையில் பூத்தட்டு இருக்காது. கோழித்தீவன மூட்டை, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடப் பை இருக்கும். அது ஊருக்குத் திரும்புகிறவர்களின் படகு.

நான் குதிரை பார்க்கப் போனேன். அப்பா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காரியம் முடிந்த கையோடு வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் ஆபீஸ், பேங்க் நாமினி என்று அலைந்ததில் அழுவதற்கு நேரமே வாய்க்கவில்லை. அப்புறம் நேரம் கிடைத்தபோது அழுகை வரவில்லை. யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தோழிதான், "ஒருக்கா வந்து கடலைப் பார்த்திட்டுப் போடி" என்று வற்புறுத்தி வரவழைத்தாள். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் விடுகிறார்கள், வந்து சேர்வது சுலபம். குதிரைகளைப் பற்றிச் சொன்னதும் அவள்தான்.

சுமார் ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டும். இந்தக் கடலுக்கும் ஒரு காயம் உண்டு. 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குமுதினி என்ற படகில் வந்த பயணிகளை நடுக்கடலில் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. நெடுந்தீவின் மாவிலித்துறையில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் அதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. இழப்பு என்றால் என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

தீவு முழுக்கத் தட்டை. பனை, முட்செடி, வெயில். வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாகச் சாந்து பூசாமல் அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். மனிதர்கள் நாலைந்து ஆயிரம் பேர்தான். துறையில் ஓர் ஆட்டோ பேசிக்கொண்டேன். ஓட்டுகிற ஐயாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பெருக்க மரம், இடிந்த கோட்டை, புறாக்கூடு என்று வழக்கமான வரிசையை அவர் ஆரம்பித்தார். எனக்குக் குதிரை போதும் என்றேன். "ஓம், அப்ப தெற்குப் பக்கம் போவம்" என்று வண்டியைத் திருப்பினார்.

போர்த்துக்கீசர் காலத்தில் வந்த குதிரைகள் இவை என்கிறார்கள். ஒல்லாந்தர் இங்கே அவற்றைப் பெருக்கி வளர்த்தார்கள். அவர்கள் கட்டிய லாயத்தின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவை நிர்வகித்த நோலன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியும் குதிரை வளர்ப்பில் மும்முரமாக இருந்தார். வளர்த்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். குதிரைகள் மட்டும் தங்கி, தலைமுறை தலைமுறையாகக் கட்டாக்காலியாகிவிட்டன. இப்போது லாடம் இல்லை, கடிவாளம் இல்லை, சொந்தக்காரர் இல்லை. தீவைவிட்டு வெளியே கொண்டுபோகத் தடையும் இருக்கிறது.

புல்வெளியில் ஒரு கூட்டம் நின்றது. பழுப்பும் செம்பழுப்புமாக, தோள் என் நெஞ்சு உயரம்கூட வராத மட்டக்குதிரைகள். ஓர் ஆண், சில பெண்குதிரைகள், இந்த வருஷத்துக் குட்டி ஒன்று. குதிரைக் குடும்பம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சொந்தக் குடும்பம் அமையாத இளவட்டங்கள் தனியாக ஒரு குழுவாகத் திரியும்.

நான் இறங்கி நேராக நடந்தேன். ஆண்குதிரை தலையைத் தூக்கியது. காது இரண்டும் என் பக்கம் திரும்பின. இன்னும் பத்தடி நடந்திருப்பேன், மொத்தக் கூட்டமும் நகர்ந்துவிட்டது. ஓட்டமில்லை, பதற்றமில்லை. எனக்கும் அவற்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும் என்று அவையே அளந்து வைத்தன.

ஐயா பின்னாலிருந்து சொன்னார்: "மூச்சை விடுங்கோ பிள்ளை. அடக்கிக்கொண்டு நிக்கிறியள். அதுகளுக்குத் தெரியும்."

அவர் சொன்னபிறகுதான் கவனித்தேன். தோள் காதுவரை ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அதே உடம்பு, அதே முறுக்கு. அங்கிருந்து எழுந்து வந்தபிறகும் உடம்பு எழுந்துவரவில்லைபோல. இத்தனை மாதம் என்னைப் பார்த்த எவருக்கும் தெரியாதது, ஏன் எனக்கே தெரியாதது, ஒரு மட்டக்குதிரைக்கு ஐம்பதடி தூரத்தில் தெரிந்துவிட்டது.

குதிரை இரை விலங்கு. தன்னைத் தின்ன வருவது எது, சும்மா கடந்து போவது எது என்று உடம்பைப் பார்த்தே முடிவுகட்டித்தான் அந்த இனம் பிழைத்திருக்கிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் கொஞ்சம் இடத்தைத் தவிர, தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் அதனால் பார்க்க முடியும். 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுகிறது என்று உலகமே வியந்தது. கேள்வி கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907-ல் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். சரியான எண் வரும்போது கேள்வி கேட்டவரின் தலையும் முகமும் மயிரிழை அசைந்தன. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. கேட்டவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. பலர் இதைக் குதிரையின் தோல்வியாக எழுதுகிறார்கள். எனக்கோ கணக்கைவிட இது பெரிய வித்தையாகப் படுகிறது. தான் என்ன காட்டுகிறோம் என்று மனிதனுக்கே தெரியாததை அது படித்திருக்கிறது. 2016-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியது.

அதனால்தான் குதிரையின் அருகில் "நல்லா இருக்கேன்" செல்லாது. மனிதர்களிடம் அந்த வார்த்தை வேலை செய்கிறது. பாதி நாகரிகத்துக்காக, பாதி அவசரத்துக்காக அவர்கள் ஏற்றுக்கொண்டு விடுகிறார்கள். குதிரை நம் வாயைக் கேட்பதே இல்லை.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார், அதிர்ச்சியில் மனம் சிதைந்த 63 முன்னாள் படைவீரர்களைக் குதிரைகளோடு 8 வாரம் பழகவைத்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த வாரங்களில் யாரும் குதிரைமேல் ஏறவில்லை. பக்கத்தில் நிற்பது, தேய்த்துவிடுவது, கயிற்றைப் பிடித்து நடத்திப் போவது, அவ்வளவுதான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று மாதம் கழித்தும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு குதிரையே மருந்து என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். தூக்கம் போய், சாப்பாடு போய், உயிர்மேல் வெறுப்பு வந்திருந்தால் முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். குதிரை அப்புறம்.

நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். குதிரைகளை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளச் சொன்னார் ஐயா. முறைத்துப் பார்ப்பது துரத்துகிறவனின் பார்வையாம். மூச்சை விட்டேன். விட்ட மூச்சோடு தோள் இறங்கியது. தோள் இறங்கியதும் தொண்டையில் ஏதோ அவிழ்ந்தது. அப்பா கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. பேச முடியாமல் கிடந்த மனிதர் மிச்சமிருந்த குரலை அதற்குச் செலவழித்தார். அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கொஞ்ச நேரம் அல்ல.

குதிரைகள் நகரவில்லை. அழுகைச் சத்தத்துக்கு மிரண்டு போகும் என்று நினைத்தேன். குட்டி என்னைப் பார்த்துவிட்டுத் தாயின் மடியில் முட்டியது. பெண்குதிரை ஒன்று மேய்ந்துகொண்டே வந்து, முன்பு இருந்ததைவிடப் பாதி தூரத்தில் நின்றது. புல்லைப் பறிக்கிற சத்தம் கேட்கும் தூரம். அது என்னைத் தேற்றியது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடக்கி வைத்த உடம்பைவிட அழுகிற உடம்பு அதற்குப் பயமில்லாததாகத் தெரிந்திருக்கிறது. அது எனக்குப் பெரிய செய்தி.

மெரினாவில் சவாரிக் குதிரைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அவற்றால் நம்மைவிட்டு விலகிப் போக முடியாது. நின்றாலும் கயிற்றுக்காக நிற்கும். போக இடமிருந்தும் போகாமல் நிற்கிற மிருகம்தான் நம்மைப் பற்றி ஏதாவது சொல்லும். மனநலத்துக்காகக் குதிரை வைத்திருக்கிற இடங்களுக்குப் போகிறவர்கள் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: குதிரைக்கு இஷ்டமில்லையென்றால் அது விலகிப் போக அனுமதி உண்டா? இல்லை என்றால் அங்கே நிற்காதீர்கள்.

திரும்பும் வழியில் ஐயா தன் வீட்டில் வண்டியை நிறுத்தினார். வேலிக்கு வெளியே பாதியாக வெட்டிய பீப்பாய் ஒன்று தண்ணீரோடு இருந்தது. மாரி மழையில் குளங்கள் நிறைந்திருக்கும்போது கவலையில்லை. ஆடி, ஆவணியில் எல்லாம் வற்றி, குதிரைகள் தாகத்தில் விழுந்து சாகும். "எங்களுக்கே குடிக்கிற தண்ணி தட்டுப்பாடுதான். எண்டாலும் அதுகளுக்கு வைக்கிறனாங்கள்" என்றார். அவர் மனைவி பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்திருப்பார்.

"ஆரம்மா செத்தது?" என்று கேட்டார், நேராக.

"அப்பா" என்றேன். என்ன வருத்தம், எத்தனை நாள் கிடந்தார், கடைசியில் என்ன கேட்டார் என்று அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். படகுக்கு நேரமாகிறது என்று ஐயா ஆட்டோவை ஸ்டார்ட் செய்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.