திருச்சியிலிருந்து மெல்போர்ன்: கோலாலம்பூரில் ஓடிய இரண்டு மணி நேரம்

திருச்சி விமான நிலைய கவுண்டரில் இருந்த பெண், பெட்டியில் ஒட்டிய டேக்கைக் காட்டி, "மேடம், இது கோலாலம்பூர் வரைக்கும்தான். அங்கே நீங்களே எடுத்து மறுபடி போடணும்" என்றார். தெரிந்துதான் டிக்கெட் போட்டிருந்தேன். ஆனாலும், பக்கத்தில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

மெல்போர்னில் இருக்கும் தங்கச்சிக்கு நவம்பரில் பிரசவம். 2025 தீபாவளியை ஊரில் முடித்துவிட்டு அம்மாவும் நானும் கிளம்புவதாக ஏற்பாடு. ஒரே டிக்கெட்டாகப் போட்டால் வந்த தொகையைப் பார்த்து மலைத்துப்போனோம். கோலாலம்பூர் வரை ஒரு மலிவு விமானம், அங்கிருந்து வேறொரு நிறுவனத்தின் விமானம் என்று பிரித்துப் போட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்து 38,000 ரூபாய் மிச்சம். சிங்கப்பூர் வழியாக இன்னும் கொஞ்சம் குறைவாகவே கிடைத்தது. ஆனால் பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் இமிக்ரேஷனைத் தாண்டி அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூரில் விசா வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று இருக்கும் விதிவிலக்குக்குள் நாம் வர வேண்டும். மலேசியாவில் 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. அதனால்தான் கோலாலம்பூர்.

தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் சம்பந்தம் கிடையாது. அவர்கள் கணக்கில் நாம் வராத பயணி, அவ்வளவுதான். அதோடு போகாது. போகும் விமானத்தைத் தவறவிட்டால் அதே டிக்கெட்டில் இருக்கும் திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும். மிச்சம் பிடித்த 38,000 போய், கையிலிருந்து இன்னும் லட்சத்துக்கு மேல் வைக்க வேண்டியிருக்கும். அதனால் இடைவெளியை ஆறு மணி நேரமாக வைத்தேன். மாலை 3.30க்கு இறங்க வேண்டும், இரவு 9.40க்கு அடுத்தது. பெட்டி வாங்கும் கவுண்டரை 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள் என்பதால், என் மனதில் இருந்த நேரம் 8.40 மட்டுமே.

வீட்டிலேயே முடித்த வேலைகளில் முக்கியமானது மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை. எம்டிஏசி என்பார்கள். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன, ஏமாறாதீர்கள். இமிக்ரேஷனுக்கு வெளியே வராமல் விமானம் மாறுகிறவர்களுக்கு இது வேண்டாம். எங்களைப் போல பெட்டி எடுக்க வெளியே வருகிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். பெட்டியின் எடையையும் இரண்டு டிக்கெட்டில் எதில் குறைவோ அதற்குத்தான் கட்டினேன். இரண்டாவதில் 30 கிலோ இருந்து என்ன பயன், முதலாவதில் நான் வாங்கியது 25தானே?

அம்மாவுக்கு வீல்சேர் இரண்டு டிக்கெட்டிலும் தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்தேன். ஒன்றில் சொன்னால் மற்றதற்குப் போகாது.

காலை 9 மணி விமானம் கிளம்பும்போது 10.40. ஆறு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே போய்விட்டது. நாலு மணி நேரம் பறந்து கோலாலம்பூரை நெருங்கியபோது கீழே இடி மழை. ஜன்னல் பக்கம் ஒரே கருமேகம், இறக்கை ஒருபக்கமாகவே சாய்ந்திருந்தது. ஒரே எண்ணெய்ப்பனைத் தோட்டம் மூன்றாவது முறையாகக் கண்ணில் பட்டபோதுதான் வட்டமடிக்கிறோம் என்று புரிந்தது. சக்கரம் தரையில் பட்டபோது அங்கே மணி 5.45.

வீல்சேர் கேட்டவர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். இதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. எல்லோரும் போய், துப்புரவுப் பணியாளர்கள் ஏறிய பிறகு எங்கள் முறை வந்தபோது 6.15. வீல்சேர் தள்ள வந்த பையன் மலேசியத் தமிழன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். "எத்தன மணிக்குக்கா அடுத்த ஃப்ளைட்?" என்றான். டெர்மினல் 1, 9.40 என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், எதுவும் சொல்லாமல் வேகமாகத் தள்ள ஆரம்பித்தான். நாங்கள் இறங்கிய டெர்மினல் 2இல் விமானங்கள் அடியில் உருண்டு போகும் அளவுக்கு உயரமான ஒரு பாலம் இருக்கிறது. அதில் நான் கைப்பையோடு அரை ஓட்டமாக அவன் பின்னால் போனேன். அம்மா திரும்பித் திரும்பி, "மெதுவா வாடி, விழுந்துடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசியாக இறங்கியதில் போன நேரத்தை இமிக்ரேஷனில் அந்த வீல்சேரே மீட்டுக் கொடுத்தது. நீண்ட வரிசையை ஒட்டி, முதியவர்களுக்கான தனி வழியில் எங்களை அழைத்துப் போனான். அதிகாரி எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று கேட்டார். இன்று இரவே போகிறோம் என்று மெல்போர்ன் டிக்கெட்டையும் ஆஸ்திரேலிய விசாவையும் காகிதத்தில் காட்டினேன். இரண்டு ஆட்காட்டி விரல்களின் ரேகை, ஒரு முத்திரை, முடிந்தது. எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்துப் போங்கள். என் போன் சார்ஜ் அப்போது 11 சதவீதம்.

பெட்டி எடுக்கும் இடத்துக்கு வந்தால் பெல்ட் நின்றுபோயிருந்தது. மிச்சப் பெட்டிகளை இறக்கிச் சுவரோரம் வரிசையாக வைத்திருந்தார்கள். அம்மாவின் பழுப்புப் பெட்டி இருந்தது. என்னுடையது இல்லை. கைப்பிடியில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைக் கிழிசலைக் கட்டியிருந்தேன், சிவப்பில் வெள்ளைப் புள்ளி. வரிசையை இரண்டு முறை பார்த்தேன். தொண்டை அடைத்தது. அந்தப் பையன்தான் தூணுக்குப் பின்னால் யாரோ ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, "இதாக்கா?" என்று இழுத்து வந்தான். தூணைச் சுற்றி வந்த சிவப்புத் துணி நுனியைப் பார்த்த நிமிடம் எனக்கு மறக்காது.

சுங்கம் தாண்டி வருகை வாசலில் அவன் நின்றுவிட்டான். "இதுக்கு மேல எங்களுக்கு அனுமதி இல்லக்கா." இங்கேதான் தனித்தனி டிக்கெட்டில் வீல்சேரோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டும். முதல் நிறுவனம் இந்த வாசலோடு விட்டுவிடும், அடுத்த நிறுவனம் அதன் கவுண்டரில்தான் ஆரம்பிக்கும். நடுவில் நாமும் நம் பெட்டிகளும்தான். டெர்மினல் 1க்குப் போகும் ரயில் எந்தப் பக்கம் என்று கைகாட்டி விளக்கிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து, "நிதானமா போங்கம்மா, நேரம் இருக்கு" என்றான். நேரம் 7.05.

தள்ளுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒட்டியிருக்கும் மால் வழியாக நடந்தோம். நடுக்கூடத்தில் தீபாவளிக்குப் போட்ட பெரிய அரிசிக் கோலம், மயில் வடிவம், இன்னும் கலையாமல் இருந்தது. அம்மா நின்றுவிட்டார். முட்டி வலிக்குத்தான் நின்றார் என்று நினைத்தேன். "சாயம் போட்ட அரிசிடி, ஒவ்வொண்ணா வெச்சிருக்காங்க" என்றார். அரை நிமிடம் இருக்கும். அவசரப்படுத்த மனம் வரவில்லை.

ரயில் டிக்கெட் ஆளுக்கு 2 ரிங்கிட். டெர்மினல் 2தான் கடைசி நிலையம் என்பதால், அங்கே கிளம்பும் எந்த வண்டியில் ஏறினாலும் அடுத்தது டெர்மினல் 1தான், குழப்பமே இல்லை. பயணம் மூன்று நிமிடம், காத்திருந்தது பதினைந்து நிமிடம். இலவசப் பேருந்தும் உண்டு, ஆனால் பெட்டியையும் அம்மாவையும் படியேற்ற எனக்குத் தெம்பில்லை. டெர்மினல் 1இல் ரயில் நிற்பது தரைத்தளத்தில், புறப்பாடு ஐந்தாம் தளத்தில். லிஃப்டுக்கு முன்னால் கூட்டம். இரண்டு லிஃப்டை விட்டு மூன்றாவதில் ஏறினோம்.

கவுண்டர் முன்னால் நின்றபோது 7.50. ஆன்லைனில் செக்-இன் செய்திருந்ததால் பெட்டி போடும் குட்டி வரிசையே போதுமாக இருந்தது. புது டேக்கில் மெல்போர்ன் என்று பார்த்த பிறகுதான் தோள் இறங்கியது. புது வீல்சேர் வந்தது. எங்கள் கேட் இருந்த சாட்டிலைட் கட்டடத்துக்குப் போகும் ஏரோடிரெயின் என்ற குட்டி ரயில் 2023 மார்ச்சில் நின்று 2025 ஜூலையில்தான் திரும்ப ஓட ஆரம்பித்தது, அதனால் அந்தக் கடைசித் தூரம் சுலபமாகக் கழிந்தது. கேட் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் கட்டிய மிளகாய்ப் பொடி இட்லியை இருவரும் சாப்பிட்டோம்.

ஆறு மணி நேர இடைவெளியில் கவுண்டர் மூட மிச்சம் இருந்தது ஐம்பது நிமிடம். நாலு மணி நேரம் வைத்திருந்தால் போயிருக்கும். இடையில் நாலு மணி நேரமே இருந்த ஒரு விமானம் அன்று 2,000 ரூபாய் குறைவாக இருந்தது, கை அதன்மேல் போய்த் திரும்பியது.

குழந்தை பிறந்துவிட்டது, பெண். ஜனவரியில் ஊர் திரும்புகிறோம். அதுவும் தனித்தனி டிக்கெட்தான், ஆனால் நடுவில் கோலாலம்பூரில் ஓர் இரவு தங்கல் வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பத்துமலை பார்க்க வேண்டுமாம். 272 படி ஏற முடியாது, கீழே நின்று 140 அடி முருகனைக் கும்பிட்டால் போதும் என்கிறார்.