ஒரு வரி நிரலுக்கு மூன்று வாரம்

ஆய்வேட்டுக்காக 108 பேருக்கு நினைவாற்றல், கவனத் தேர்வுகளைக் கொடுத்து முடித்ததும் பெரிய வேலை ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். மறதி என்று மருத்துவரைப் பார்க்க வந்தவர்கள் 38 பேர். ஒப்பிடுவதற்காகச் சேர்த்த நலமானவர்கள் 70 பேர். மதிப்பெண் எல்லாம் எக்செல்லில் ஏறிவிட்டது. மூல மதிப்பெண்ணைத் தரப்படுத்திய மதிப்பெண்ணாக மாற்றுவது மட்டும் பாக்கி.

பதினைந்து சொற்களை ஐந்து முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து சொல்லச் சொல்லும் தேர்வில் அதிகபட்சம் 75. எண்களை மஞ்சள், இளஞ்சிவப்பு என்று நிறம் மாற்றி மாற்றி இணைக்கும் கலர் ட்ரெயில்ஸ் தேர்வில் அளவு விநாடி. (ஆங்கில எழுத்துகள் வரும் ட்ரெயில் மேக்கிங் தேர்வை ஏன் எடுக்கவில்லை என்றால், ஏ, பி, சி வரிசையே தெரியாத பாட்டியிடம் அதை நீட்டி என்ன பயன்?) 41 சொல்லையும் 130 விநாடியையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்தால் இரண்டும் இசட் மதிப்பெண்ணாகிவிடும். அதில் பூஜ்யம் என்றால் சரியாகச் சராசரி, கழித்தல் குறி என்றால் சராசரிக்குக் கீழே.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இதற்கு ‘ஸ்கேல்’ என்ற கட்டளை இருக்கிறது. ஒரு வரிதான். ஓடியது. சொல் தேர்வின் சராசரி மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் கீழே கிடந்தது. தேடிப் பார்த்தால், கண்ணாடி கொண்டுவராதவர்கள், பாதியில் எழுந்து போனவர்கள் கட்டத்தில் எல்லாம் −99 என்று நானே போட்டுவைத்திருக்கிறேன். எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் வந்த பழக்கம். அங்கே அதை விடுபட்ட மதிப்பு என்று முன்கூட்டியே அறிவித்துவிடலாம். ஆருக்கு யாரும் சொல்லாதவரை அதுவும் ஓர் எண்தான். சரிசெய்தேன். இன்னொரு சின்னத் தலைவலி: ஸ்கேல் தருவது சாதாரண நெடுவரிசை அல்ல, ஓர் அணி (மேட்ரிக்ஸ்). அதை ‘ஆஸ் நியூமெரிக்’ போட்டுத் தட்டையாக்காவிட்டால் பிறகு எங்காவது இடிக்கும்.

அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கைடு மேடம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஏம்மா, இந்தச் சராசரி யாரோடது?” என்றார்.

108 பேருடையது. அதாவது மறதி உள்ளவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. அவர்களுடைய குறைந்த மதிப்பெண்கள் சராசரியைக் கீழே இழுத்து, திட்ட விலக்கத்தையும் அகலமாக்கிவிட்டன. அதனால் அவர்களே பூஜ்யத்துக்குப் பக்கத்தில், பார்க்க நலமாக, உட்கார்ந்திருந்தார்கள்.

அச்சில் உள்ள நார்ம்ஸை, அதாவது நலமானவர்கள் வழக்கமாக எடுக்கும் மதிப்பெண்களின் அட்டவணையை, பயன்படுத்தலாமே என்று பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் 2004இல் வந்த நரம்பு உளவியல் தேர்வுத் தொகுப்பின் கையேட்டை எடுத்தேன். வயது, கல்வி, பாலினம் வாரியாக அழகாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் வயது 65உடன் நின்றுவிடுகிறது. என்னிடம் இருந்தவர்களில் பலர் அதைத் தாண்டியவர்கள்.

சரி, 70 பேரையே வயதுக்கு மூன்று, படிப்புக்கு மூன்று என்று ஒன்பது கட்டமாகப் பிரித்தேன். ஒரு கட்டத்தில் நான்கே பேர். நான்கு பேரின் திட்ட விலக்கத்தை எந்த முகத்தோடு எழுதுவது? போதாததற்கு, வயதை இப்படிப் பிரிக்கும் ‘கட்’ கட்டளை ஒவ்வொரு பிரிவின் மேல் எல்லையையும் அதற்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும் என்பதை நான் கவனிக்காததால், 60 வயதுக்காரர்கள் எல்லோரும் நான் நினைத்ததற்கு முந்தைய கட்டத்தில் விழுந்திருந்தார்கள்.

கடைசியில் கைகொடுத்தது தொடர்புப்போக்கு, அதாவது ரிக்ரஷன். நலமான 70 பேரை மட்டும் வைத்து, வயதும் படித்த ஆண்டுகளும் மதிப்பெண்ணை எப்படி மாற்றுகின்றன என்று ‘எல்எம்’ கட்டளையால் ஒரு சமன்பாடு. அதைக் கொண்டு, இந்த வயதில் இவ்வளவு படித்தவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று 108 பேருக்கும் கணிப்பு. உண்மையில் எடுத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவது எச்சம். அதை எச்சங்களின் திட்டப் பிழையால் (அவை எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) வகுத்தால் இசட். விநாடிக் கணக்கு மட்டும் முரண்டுபிடித்தது. சிலர் மிக மெதுவாக முடித்ததால் எச்சங்கள் விசிறிபோல விரிந்தன. விநாடிகளுக்கு மடக்கை (லாக்) எடுத்த பிறகுதான் அடங்கின. நேரத்தில் அதிகம் என்றால் மோசம் என்பதால் குறியையும் திருப்ப வேண்டும். அதை முதல் தடவை மறந்ததால், மிக மெதுவாக முடித்த தாத்தா என் பட்டியலில் முதல் ரேங்க் வாங்கினார்.

மூன்று பேரைப் பொறுக்கி எடுத்துக் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்த்தேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். சராசரியை 50 என்று வைக்கும் டி மதிப்பெண் வேண்டுமானால் இசட்டைப் பத்தால் பெருக்கி 50 கூட்டினால் போதும், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

108 பேரின் சராசரியில் போட்ட பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற 72 வயதுப் பாட்டி சொல் தேர்வில் −1.7இல் இருந்து −0.6க்கு ஏறியிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 58 வயது, முதுகலை, −0.7இல் இருந்து −1.5க்கு இறங்கியிருந்தார். இவர் நலமானவர்களில் ஒருவர் அல்ல, 38 பேரில் ஒருவர்; ஆனாலும் ‘பரவாயில்லை’ என்று நான் தள்ளிவைத்திருந்த பெயர். அவருடைய விடைத்தாளைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் என் பென்சில் குறிப்பு: “பசங்க பேரு முன்ன மாதிரி சட்டுன்னு வரமாட்டேங்குது என்கிறார்.”