லஜோயா, காலின்ஸா, ஹார்ன்ஸ்பியா?

பேஸ்பாலின் ஆரம்பகால செகண்ட் பேஸ்மேன்களில் (இரண்டாவது பேஸ் பக்கம் நின்று தடுப்பவர்கள்) சிறந்தவர் யார்? வெறும் பேட்டிங் சராசரியை (ஹிட்டுகளை, அதாவது பேஸை எட்டவைத்த அடிகளை, பேட்டிங் வாய்ப்புகளால் வகுத்தது) வைத்து எடைபோட்டால் கணக்கு தப்பும். நாப் லஜோய் 1901ல் எடுத்த .426 பிரமாண்டமானதுதான். ஆனால் அந்த வருஷம் அமெரிக்கன் லீக்கில் ஃபவுல் பந்துகள் (எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும் அடிகள்) ஸ்ட்ரைக்காக (மூன்று சேர்ந்தால் பேட்டர் அவுட்) எண்ணப்படவில்லை. அந்த விதி அங்கே 1903ல்தான் வந்தது. பேட்டருக்குப் பிடிக்காத பந்தைத் தட்டிவிட்டுக்கொண்டே நிற்கலாம். ஹார்ன்ஸ்பி 1924ல் அடித்த .424 அந்தச் சலுகை இல்லாமல் வந்தது. ஆனால் எச்சில் தடவி வீசும் பந்துக்கு 1920லேயே தடை வந்துவிட்டது, அழுக்கான பந்தையும் உடனுக்குடன் மாற்றினார்கள்; இரண்டுமே பேட்டருக்குச் சாதகம். அதோடு, உயரே எழும் பந்தைப் பின்னால் ஓடிப் பிடிப்பதில் அவர் பலவீனமானவர்.

என் ஓட்டு எடி காலின்ஸுக்குத்தான். 3,300க்கு மேல் ஹிட்டுகள், 740க்கு மேல் திருடிய பேஸ்கள் (சக வீரர் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), 512 தியாக அடிகள் (தான் அவுட்டாகி சக வீரரை அடுத்த பேஸுக்கு நகர்த்துவது). கடைசியது இன்றும் சாதனை. 1912 செப்டம்பரில் ஒரே ஆட்டத்தில் ஆறு பேஸ் திருடினார், அதுவும் இரண்டு முறை! ஓட்டங்கள் அரிதாக வந்த காலத்தில் இதன் மதிப்பே வேறு.

தடுப்பாட்டம் என்றால் சின்சினாட்டியின் பிட் மெக்ஃபீயை விடவே முடியாது. மற்றவர்கள் கையுறைக்கு மாறிய பிறகும் 1896 வரை வெறுங்கையால் பந்து பிடித்தார். உப்புநீரில் ஊறவைத்து உள்ளங்கையை உரமேற்றுவாராம்.