கன்னி நாயும் எங்கள் கோழிகளும்

ஏப்ரல் 17, மண்டபம்
மீன்பிடித் தடைக்காலம். அண்ணன் மீன்பிடிக்கப் போகிற விசைப்படகு ஜூன் 14 வரை கரையில்தான். அக்கா வீட்டிலிருந்து வந்த மணியை, எங்கள் கோழிகளைத் துரத்தாமலிருக்கப் பழக்க இதுதான் நேரம், கயிறு பிடிக்க வீட்டில் ஆள் இருக்கிறது. மணி கன்னி நாய். முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்தவே வளர்த்தெடுத்த இனம். முயல் வேட்டைக்கு இன்று சட்டத்தில் தடை இருக்கலாம், அவன் கால்களுக்கு அது தெரியாது.

ஏப்ரல் 19
செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்திவிடும் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்லிவிட்டுப் போனார். நாற்றம்தான் மிச்சமாகும். வயிறு நிறையச் சோறு போடச் சொன்னார் அத்தை. தட்டை நக்கி முடித்த கையோடு மணி சேவலைப் பார்த்து விறைத்து நின்றதைக் காட்டினேன். பசி வேறு, துரத்தல் வேறு. அசையாமல் கிடக்கும் அடைக்கோழியை அவன் சட்டை செய்வதேயில்லை. ஏதாவது ஒன்று படபடவென்று சிறகடித்தால் போச்சு.

ஏப்ரல் 26
கவனிக்க வேண்டியது அவன் வாயை. நாக்குத் தொங்கிக்கொண்டிருக்கும் வரை கவலையில்லை. வாய் மூடி, காது முன்னால் வந்து, ஒரு முன்னங்கால் தூக்கினால் அப்புறம் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. அதற்கு முன்பே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். திரும்பினால் முள் எடுத்த அவித்த சூடை மீன். (அம்மா கருவாடு கொடுக்கப் பார்த்தாள். அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது.) இப்போதைக்குக் கோழிகள் முருங்கை மரத்தடியில், நாங்கள் வாசல் படியில். அதைவிட நெருங்கினால் மீனையே மதிப்பதில்லை. அண்ணனுக்கு அவசரம், இன்றே கூடு வரை கூட்டிப்போகலாம் என்கிறான். விடவில்லை.

மே 6
வேலி. பனைமட்டை வேலியை இவன் நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடுவான். அதனால் கம்பு ஊன்றி, மேலேயும் சேர்த்துப் பழைய வலையால் மூடினோம். மெல்லிய ஒற்றை இழையில் பின்னிய நரம்பு வலை வேண்டாம், கோழிக்கால் சிக்கி அறுத்துவிடும். தடித்த நைலான் வலைதான் சரி. மணல் தரை ஆயிற்றே, அடியில் தோண்டாமலிருக்கக் கல் அடுக்கியாயிற்று.

மே 21
ஏப்ரல் 30-இல் அடை வைத்தது, சரியாக 21 நாளில் பொரித்துவிட்டது. குஞ்சுகளின் கீச்சொலி பெரிய கோழியைவிட மோசம், மணி நிலைகொள்ளவில்லை. குஞ்சுகள் பஞ்சாரத்துக்குள், மணி வீட்டுக்குப் பின்னால்.

ஜூன் 9
கச்சான் காற்று பலமாக வீசுகிறது. இன்று முருங்கையைத் தாண்டிப் போயும் கூப்பிட்டதும் திரும்பினான். மாமா பார்த்துவிட்டு, “இனி அவுத்து விடும்மா” என்றார். மாட்டேன். கயிற்றில் பழகினது கயிற்றோடு. அண்ணன் கடலுக்குப் போவதற்குள் கூட்டுக் கதவுக்கு இரண்டாவது கொக்கி போட்டாக வேண்டும். முதல் கொக்கியை மூக்கால் தூக்கத் தெரிந்துகொண்டான்.