ஏசி இல்லாத வானும் வெல்லவாய இரவும்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பழைய டொல்பின் வான் வண்டியில் படுத்தபடியே இலங்கை மலையகம் சுற்றினால் ரூம் காசு மிச்சம் என்று திட்டம் போட்டது நான்தான். வானின் ஏசி எப்போதோ செத்துவிட்டது. திருத்தக் கேட்ட காசுக்கு இன்னொரு பயணமே போகலாம்.

ஏப்ரல் மாதம். மலை ஏறுமுன் முதல் இரவு அடிவாரத்தில், வெல்லவாயவில். பகல் முழுக்கக் கூரைத் தகரம் குடித்த வெயிலை இரவில் எங்கள் மேல் துப்பியது. ஜன்னலில் ஈரத் துவாய் தொங்கவிட்டால் குளிரும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். பின்னேரம் இடிமழை பெய்து காற்றே ஈரமாகக் கிடந்தது. துவாய் காய்ந்தால்தானே குளிரும்? புழுக்கம் கூடியதுதான் மிச்சம். இரண்டு மணிக்கு மனைவி எழும்பி, "இதுக்கு ரூமே எடுத்திருக்கலாம்" என்றாள். நான் நித்திரை போல் கிடந்தேன்.

விடிந்ததும் தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து கொஸ்லந்தை வழியாக அப்புத்தளைக்கு ஏறினோம். அது 1,400 மீற்றருக்கு மேலே. 1,000 மீற்றர் ஏறினால் 6 பாகையளவு சூடு குறையும். இதைவிட மலிவான ஏசி எங்கே கிடைக்கும்? டீசல் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டேன்.

வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு வந்த தேங்காய் ரொட்டி, கண்ணில் நீர் வரவைக்கும் கட்டசம்பல், பிளேன்டீ. நாலு ரொட்டி போனதே தெரியவில்லை. கடைக்கார அண்ணன் வானைப் பார்த்துச் சிரித்தார். "மேற்குப் பக்கம் மலை இருக்கிற மாதிரி நிப்பாட்டுங்க தம்பி, மூணு மணிக்கே நிழல் வந்துடும். யூகலிப்டஸ் மரத்துக்கு அடியில மட்டும் வேணாம், காத்தடிச்சா கிளை விழும்."

அவர் சொன்னபடியே நிறுத்தினோம். முன் கண்ணாடிக்கு வெள்ளி மறைப்பை வெளிப்பக்கம் மாட்டினேன். உள்ளே மாட்டினால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிடும். சின்ன ஃபேனை முகத்துக்குப் பிடிக்காமல் பின் ஜன்னலில் வெளியே பார்க்க வைத்தேன். அது சூட்டை இழுத்துத் தள்ள, முன்னாலிருந்து மலைக்காற்று வந்தது. அடுப்பையும் வெளியே எடுத்துவிட்டோம்.

இவ்வளவுக்கும் வெறும் நிலத்தில் வான் நிற்க ஓர் இரவுக்கு 2,000 ரூபாய் வாங்கினார் ஒருவர். கழிவறைக்குத் தனிக் காசு. சீசனாம்!

அன்றிரவு நன்றாகக் குளிர்ந்தது. அந்தச் சந்தோசத்தில் ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கி மூடிப் படுத்தேன். எங்கள் மூச்செல்லாம் கூரையில் நீராகி, விடியற்காலை நெற்றியில் சொட்டியது. போர்வையும் ஈரம். மனைவி மறுபடியும் ரூம் கதையை எடுத்தாள்.